நிலமும் பொழுதுமற்ற வேலை: பாலித்தீவில் 26 நாட்கள்

கடலைப் பார்த்தபடி வேலை செய்வது என்பது கேட்பதற்கு இனிமையான தொடர். செய்து பார்த்தால்தான் தெரிகிறது, திரையைப் பார்க்கிறவரால் கடலைப் பார்க்க இயலாது என்று. பாலித்தீவின் சாங்கு கடற்கரை மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக மடிக்கணினித் திரையில் விழும். அந்நேரத்தில் கரையோரக் காபிக்கடைகளில் ஒரு சிறு இடப்பெயர்ச்சி நிகழ்வதைத் தினமும் கண்டோம். இருபது முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டி அமர்வார்கள். அவர்களில் நாங்களும் இருவர்.

2024 பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை 26 நாட்கள் அங்கே தங்கியிருந்தோம். வெளிநாட்டு நிறுவனமொன்றின் மென்பொருள் கையேடுகளைத் தமிழாக்கும் வேலை. மென்பொருள் ஓரிடம், அதைத் தமிழில் படிக்கப்போகிறவர்கள் வேறிடம், மொழிபெயர்த்த நாங்கள் இரண்டுமல்லாத மூன்றாமிடம். வந்திறங்கும்போது 5,00,000 ரூபியா செலுத்திப் பெறுகிற முப்பது நாள் விசாவில்தான் போயிருந்தோம். அந்த விசா வேலை செய்வதற்கானது அல்ல என்பதை அறிவோம். அங்கிருந்த பெரும்பாலோர் அப்படித்தான் இருந்தார்கள் என்பது சமாதானமாகாது. குறைசொல்லும் கட்டுரையை எழுதுகிறவர்கள் தங்கள் கணக்கை முதலில் காட்டிவிடுவது நல்லது என்பதால் சொல்கிறோம்.

'டிஜிட்டல் நாடோடி' என்ற சொல் புதியதன்று. சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997 இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார்கள். கருவிகள் சிறுத்து, இணைப்பு பெருத்துவிட்டால் மனிதன் மீண்டும் நாடோடியாவான் என்பது அவர்கள் கணிப்பு. நாடோடி என்ற சொல்லை இங்கே ஏற்க எங்களுக்குத் தயக்கமுண்டு. ஆடுமாடு ஓட்டிச் செல்கிற நாடோடிக்குத் தான் கால்வைக்கிற நிலத்தின் புல்லும் நீரும் அத்துபடியாக இருந்தாக வேண்டும். நிலத்தை அவரளவு அறிந்தவர் வேறொருவர் இல்லை. மடிக்கணினிக்காரருக்குத் தெரிய வேண்டியது கடவுச்சொல் ஒன்றுதான்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, பறை, தொழில் முதலானவை கருப்பொருள், அதாவது அந்த நிலத்திலும் பொழுதிலும் கருக்கொள்பவை. நெய்தலில் உப்பு விளைப்பதும் மீன் உணக்குவதும் கடல் அங்கே இருப்பதால் நிகழ்கிற காரியங்கள். இலக்கணக்காரர்கள் பாட்டுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது, பொருளாதாரக் கோட்பாடன்று என்பது தெரியும். ஆனாலும் சாங்குவில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் திரும்பத் திரும்ப நினைவில் எழுந்தது. எங்களுக்கு அடுத்த மேசையில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு வந்து அமர்கிற இளைஞர் ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் அப்போது காலை எட்டு. பாலியின் கடிகாரத்துக்கும் அந்நகரின் கடிகாரத்துக்கும் குளிர்காலத்தில் பதின்மூன்று மணி நேர வேறுபாடு. விடியும்வரை வேலை செய்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். வேலை பிறந்த நிலம் வேறு, அதன் பொழுதும் வேறு. முதற்பொருள் இரண்டுமே அவருக்கு இங்கே இல்லை. கண்ணெதிரே இருந்த கடல் உரிப்பொருளுக்குக்கூட உதவவில்லை. அது ஒரு திரைச்சீலை, அவ்வளவே. அலுவலகக் கூட்டத்தில் முகம் காட்டும்போது அவர் அந்தத் திரைச்சீலையையும் மங்கலாக்கிக்கொண்டார் என்பது எங்களை வியப்பில் ஆழ்த்திய சிறு விவரம்.

பாலியை வெளிநாட்டார் தங்கள் வேலைக்கான இடமாகத் தேர்ந்துகொண்டது இணையம் வந்த பிறகு நேர்ந்ததன்று. 1904 இல் சனூர் கரையருகே சீன வணிகர் ஒருவருக்குரிய கப்பல் தரைதட்டி, அதிலிருந்த பொருட்கள் சூறையாடப்பட்டன என்பதைக் காரணம் காட்டி டச்சுக்காரர்கள் நட்டஈடு கேட்டார்கள், பிறகு படை இறக்கினார்கள். 1906 இல் படுங் அரச குடும்பத்தார் வெள்ளாடை உடுத்தி, துப்பாக்கிகளுக்கு எதிரே கூட்டமாக நடந்து வந்து மாண்டார்கள். 1908 இல் கிளுங்குங்கில் அதுவே மறுபடியும் நடந்தது. அதை அவர்கள் மொழியில் 'புபுத்தான்' என்பார்கள். அந்தக் குருதியின் கறை ஐரோப்பாவில் பெரும் சங்கடத்தை உண்டாக்க, தீவைப் பழமை மாறாமல் காப்பதே தங்கள் கொள்கை என்று டச்சு நிர்வாகம் மாற்றிப் பேசத் தொடங்கியது. இருபதே ஆண்டுகள் கழித்து, 1928 இல், கப்பல் நிறுவனம் டென்பசாரில் பயணிகளுக்கென்று ஓட்டல் திறந்தது. வரலாற்றாசிரியர் ஏட்ரியன் விக்கர்ஸ் பாலியைப் பற்றிய தம் நூலுக்கு 'உண்டாக்கப்பட்ட சொர்க்கம்' என்று பொருள்படத் தலைப்பிட்டது காரணத்தோடுதான்.

1927 இல் வந்து உபுதில் குடியேறிய ஓவியர் வால்ட்டர் ஸ்பீஸைத்தான் இந்தக் காபிக்கடை மரபின் மூதாதை என்று சொல்ல வேண்டும். மாஸ்கோவில் பிறந்த ஜெர்மானியர் அவர். சம்புவானில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் வீடு கட்டிக்கொண்டார். விக்கி பௌம், மிகேல் கோவருபியாஸ், கோலின் மெக்பீ, மார்கரெட் மீட், கிரிகரி பேட்சன் என்று 1930களில் பாலிக்கு வந்து நாவலும் இசைக்குறிப்பும் மானுடவியலும் எழுதியவர்களில் ஸ்பீஸின் உதவியைப் பெறாதவர் அரிது. இவர்களும் எழுதி அனுப்பியது வெளிநாட்டுக்குத்தான், பணம் வந்ததும் வெளிநாட்டிலிருந்துதான். அவர்களுக்கும் இன்றைய கூட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். ஒன்று உண்டு. அவர்கள் வேலையின் பொருளே பாலிதான். மெக்பீ அங்கே வீடெடுத்தது காமலான் இசையைக் கேட்பதற்கு. கேட்டதைத் தாளில் எழுதிவைக்க ஆண்டுக்கணக்கில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மீடும் பேட்சனும் எழுதியவற்றில் பலவற்றை இன்று ஏற்க முடியாதுதான், ஆனாலும் அவர்கள் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து அக்கிராமத்தைப் பார்த்தார்கள். அவர்களுடைய பார்வையில் காலனியக் கோணல் இருந்தது என்று பின்காலனிய விமர்சகர்கள் சரியாகவே சுட்டினார்கள். இப்போது பிரச்சினை பார்வை கோணலாக இருப்பதன்று, பார்வையே இல்லாதிருப்பது. எது மேல் என்று எங்களுக்குள் விவாதித்து முடிவுக்கு வர இயலவில்லை.

(ஸ்பீஸின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். போர் தொடங்கியதும் ஜெர்மானியர் என்பதால் டச்சுக்காரர்கள் அவரைச் சிறைவைத்தார்கள். 1942 ஜனவரியில் கைதிகளை ஏற்றிச்சென்ற கப்பல் ஜப்பானியக் குண்டுவீச்சில் மூழ்கியபோது இறந்தார். சொர்க்கத்தில் குடியேறியவர்களும் கடவுச்சீட்டிலிருந்து தப்ப முடிவதில்லை.)

நிற்க. நாங்கள் சொல்ல வந்தது நிலத்தைப் பற்றி.

நாங்கள் தங்கியது பத்து போலோங் பகுதியில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, ஒரு விவசாயக் குடும்பத்தார் தங்கள் வீட்டு வளாகத்தில் கட்டியிருந்த நான்கு அறைகளில் ஒன்றில். 'பத்து' என்றால் கல், மலேசியாவின் பத்துமலையில் இருப்பது அதே சொல்தான். அங்கே ஒரு கோயில் கடலை நோக்கி நிற்கிறது. வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். 'பாக்' என்று விளிப்போம், நாம் ஐயா என்பதுபோல. அவருக்குப் பரம்பரை நிலம் 12 ஆர். ஒரு ஆர் என்பது நூறு சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஆக மொத்தம் 30 சென்ட் நன்செய். இந்தோனேசியாவின் 1960 ஆம் ஆண்டு நிலச்சட்டப்படி வெளிநாட்டார் நிலத்தை முழு உரிமையோடு வாங்க முடியாது. ஆகவே எல்லாம் நீண்டகாலக் குத்தகை. விலையை 'ஒரு ஆருக்கு, ஓராண்டுக்கு இவ்வளவு' என்று பேசி, இருபத்தைந்து முப்பது ஆண்டுத் தொகையை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். அவர் எட்டு ஆரை 25 ஆண்டுக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பணத்தில் தந்தையின் தகனச் சடங்கு நடந்தது, மகன் திருமணம் நடந்தது, எங்கள் அறை உள்ளிட்ட நான்கு அறைகள் எழுந்தன. மீதி நான்கு ஆரில் நெல்.

அந்த நெல்லைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். அவருடைய குறை விலைபற்றியதன்று, எலிபற்றியது. 'முன்பு எலி எல்லாருடைய வயலிலும் பங்குபோட்டுத் தின்னும். இப்போது என் வயல் ஒன்றுதான் கதிர் விடுகிறது, இந்த வட்டாரத்து எலியும் குருவியும் எனக்கே விருந்தாளி' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதன் முழுப்பொருள் எங்களுக்கு விளங்கியது ஸ்டீபன் லான்சிங்கின் நூலை நினைவுகூர்ந்தபோது. 1991 இல் வந்த அந்நூலின் தலைப்பைத் தமிழில் 'பூசாரிகளும் புரோகிராமர்களும்' என்று சொல்லலாம். பாலியில் நீர்ப்பாசனத்தைச் 'சுபாக்' என்ற உழவர் அமைப்புகள் நிர்வகிக்கின்றன. நம் குடிமராமத்து நினைவுக்கு வரலாம், ஆனால் சுபாக் அதைவிட விரிந்தது. ஓர் ஆற்றின் மேல்மடை முதல் கடைமடை வரை பல சுபாக்குகள், அவற்றை இணைக்கும் நீர்க்கோயில்கள், அந்தக் கோயில்களில் கூடி யார் எப்போது நடவேண்டும், யார் எப்போது நிலத்தைத் தரிசாகப் போடவேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டங்கள். 1970களில் பசுமைப் புரட்சியின்போது அரசாங்கம் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கருதி, அவரவர் விருப்பப்படி ஆண்டு முழுவதும் இடைவிடாமல் பயிர்செய்யச் சொன்னது. ஆசிய வளர்ச்சி வங்கியும் பணம் கொடுத்தது. விளைவு, தண்ணீர்ச் சண்டையும் பூச்சியும். லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது, ஆளுக்கொரு நேரத்தில் நட்டால் பூச்சியும் எலியும் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தாவிப் பிழைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மிகச் சிறந்த விளைச்சல் தருகிற ஏற்பாடு எதுவென்று கணினி கண்டுபிடித்ததோ, அது பூசாரிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஏற்பாட்டோடு ஏறத்தாழப் பொருந்திப்போனது. 2012 இல் யுனெஸ்கோ சுபாக் நிலக்காட்சியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஜாத்திலுவே இருக்கிறது, பத்தூர் ஏரிக் கோயில் இருக்கிறது. சாங்கு இல்லை.

புரோகிராமர்கள் இப்போது அந்த வயலிலேயே வந்து குடியிருக்கிறார்கள் என்பது லான்சிங் எதிர்பார்த்திருக்க முடியாத திருப்பம். எட்டு ஆர் நிலத்தில் ஒரு வில்லா எழுந்தால் குறைவது எட்டு ஆர் நெல் மட்டுமன்று. சுற்றுச்சுவர் வாய்க்காலை மறிக்கிறது. ஒன்றாக நட்டு ஒன்றாகத் தரிசிடுகிற உடன்பாடு குலைகிறது. மிஞ்சிய ஒற்றை வயலுக்கு எலியெல்லாம் வந்து சேர்கிறது. எலி தின்ன மிச்சத்தைப் பார்த்த உழவர் அதையும் குத்தகைக்கு விடுகிறார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை, கையெழுத்து அவருடையதுதான். நாங்கள் போகவர ஒரு குறுக்குப் பாதை இருந்தது. இருபுறமும் வயலாக இருந்த காலத்து வரப்பின்மேல் சிமெண்டு பூசியது. காரும் இருசக்கர வண்டியும் எதிரெதிரே வந்து சேற்றில் விழுகிற படங்களால் அது இணையத்தில் பெயர்பெற்றது. வரப்பு என்பது தண்ணீரை நிறுத்துவதற்கு என்று அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

எங்கள் குழுவில் இதற்கு எதிர்வாதம் வந்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும். சேற்றில் கால்வைத்து முதுகொடிய நாற்று நடவேண்டும் என்று பாலிக்காரருக்கு விதிக்க நீங்கள் யார்? ஊரில் உங்கள் தாத்தாவின் வயலை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள்தாமே நீங்கள்? கொரோனா காலத்தில் பயணிகள் நின்றபோது தீவு என்ன பாடுபட்டது தெரியுமா? நண்பரின் கேள்விகள் நியாயமானவை. 2020 இல் பாலியின் பொருளாதாரம் 9 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. வேலையிழந்த பலர் வயலுக்கும் கடற்பாசி வளர்ப்புக்கும் திரும்பினார்கள், விரும்பித் திரும்பியதாகச் சொல்ல முடியாது. நாங்கள் சென்ற காபிக்கடையில் பரிமாறிய பெண் வடபகுதியான சிங்கராஜாவிலிருந்து வந்தவர், கடையின் வேலை தமக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னார். அவருக்காக நாங்கள் வருந்துவது அவர் கேளாத உதவி.

ஆனால் கணக்கை மட்டுமாவது பார்க்கலாம். 2024 இல் படுங் மாவட்டத்தின் குறைந்தபட்ச மாதக்கூலி ஏறத்தாழ 33 லட்சம் ரூபியா, அமெரிக்கக் கணக்கில் 210 டாலரை ஒட்டியது. அதே ஆண்டில் இந்தோனேசியா தொலைதூரப் பணியாளருக்கென்று தனி விசா கொண்டுவந்தது. அதற்கு விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் குறைந்தது 60,000 டாலர் இருக்க வேண்டும். அதாவது மாதம் 5,000. பணம் இந்தோனேசியாவுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பதும் நிபந்தனை. ஒரே கூரையின்கீழ், ஒரே மின்விசிறியின் காற்றில், காபி கொண்டுவருகிறவருக்கும் காபி குடிக்கிறவருக்கும் இடையே இருபது மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதை இப்போது அரசாங்கமே விதியாக எழுதிவைத்திருக்கிறது. அந்த இடைவெளிதான் விற்பனைப் பொருள், கடல் அதற்கு இலவச இணைப்பு. 2021 ஜனவரியில் அமெரிக்கப் பெண் ஒருவர், பாலியில் வாழ்க்கை மலிவு, நீங்களும் வாருங்கள் என்று இணையத்தில் எழுதி நாடு கடத்தப்பட்டார். அவரை எல்லாரும் திட்டித் தீர்த்தார்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, எல்லாரும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டதை உரக்கச் சொல்லிவிட்டார் என்பதே எங்கள் எண்ணம்.

எங்கள் வாதம் 'வராதீர்கள்' என்பதன்று. 43 லட்சம் பேர் வாழும் தீவுக்கு 2024 இல் 63 லட்சம் வெளிநாட்டார் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரம் இருந்து படமெடுத்துப் போகிறவர்கள். பயணியிடம் யாரும் அதிகம் எதிர்பார்ப்பதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து தலைக்கு 1,50,000 ரூபியா வரி வாங்குகிறார்கள், நம் பணத்தில் 800 ரூபாய் அளவு, அதோடு சரி. வேலை செய்ய வருகிறவர் விஷயம் வேறு. அவர் மாதக்கணக்கில் இருக்கிறார். தண்ணீர், சாலை, குப்பைக்கிடங்கு எல்லாவற்றையும் ஊர்க்காரரைப்போலவே பயன்படுத்துகிறார். பாலியில் ஏறத்தாழ 1,500 மரபூர்கள், 'தேச அடாத்', உண்டு. அவற்றுக்கான 2019 ஆம் ஆண்டு மாகாணச் சட்டம் ஊரில் இருப்போரை மூன்று வகையாகப் பிரிக்கிறது: ஊரின் முழு உறுப்பினர், வேற்றூரிலிருந்து வந்து தங்கிய பாலி இந்து, பிறகு 'தமியு', அதாவது விருந்தாளி. முழு உறுப்பினருக்குக் கோயில் வேலை, பிணம் சுமத்தல், ஊர்க்கூட்டம், தண்டம் எல்லாம் உண்டு. வராமலிருந்தால் அபராதம். மூன்றாண்டு தங்கினாலும் மடிக்கணினிக்காரர் விருந்தாளிதான். விருந்தாளியாக இருப்பதைவிட வசதியான நிலை உலகில் இல்லை. அவருக்கு உரிமையில்லை என்று சொல்லலாம், ஆனால் கடமையுமில்லை, அதைத்தான் அவர் தேடி வந்தார். 'எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை' என்கிற முழக்கத்தின் உட்பொருள் 'எந்த ஊருக்கும் வேலை செய்யாமல்' என்பதே. நாங்கள் கேட்பது மிகச் சிறியது. ஓர் ஊரை அலுவலகமாகக் கொள்கிறவருக்கு அவ்வூரின் வாய்க்கால் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் குடியிருக்கும் வில்லாவின் குத்தகைத் தொகையில் சுபாக்குக்கு ஒரு பங்கு சட்டப்படி போக வேண்டும். வாடகைக்கு எடுக்குமுன் இந்தச் சுவர் எதை மறிக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

அரசாங்கம் விழித்துக்கொண்டதாகத் தோற்றமளிக்கிற செய்திகள் அவ்வப்போது வருகின்றன. 2024 செப்டம்பரில் ஓட்டல், வில்லாக் கட்டுமானத்தை நிறுத்திவைப்பதுபற்றி அமைச்சர்கள் பேசினார்கள். 2025 செப்டம்பர் வெள்ளத்தில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வயலை அழித்துக் கட்ட இனி அனுமதியில்லை என்று ஆளுநர் அறிவித்தார். நல்லதுதான். வயலாக இருந்தவரை அது வெள்ளத்துக்கு வடிகாலாகவும் இருந்தது என்பதை அறிய இத்தனை உயிர் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் பிங்கின் கரையில் அனுமதியின்றிக் கட்டப்பட்டவை என்று கடைகளையும் விடுதிகளையும் இடித்தார்கள். இடிபட்டவற்றில் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தியவை பல. சட்டம் எப்போதும் எட்டுகிற கையையே பிடிக்கும் போலிருக்கிறது.

இனி நாங்கள் சொல்லத் தயங்கிய பகுதி.

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. சக ஆண்டு 1946 இன் பிறப்பு. நம் பஞ்சாங்கங்கள் குறிக்கிற அதே சகம்தான். பாலியில் அந்நாளுக்கு நியெபி என்று பெயர், மௌன நாள். தீ மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, பயணம் செய்யக் கூடாது, கேளிக்கை கூடாது என்று நான்கு விலக்கு. விமான நிலையத்தை 24 மணி நேரம் மூடிவிடுகிறார்கள். 2018 முதல் கைபேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். தெருவில் ஊர்க்காவலரான பெச்சலாங்குகள் தவிர எவரும் நடமாடலாகாது. முந்தைய இரவு மூங்கிலும் தாளும் கொண்டு செய்த பூதப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே கூச்சலிட்டு ஆடியதைப் பார்த்திருந்தோம். விடிந்ததும் ஒரு சத்தமில்லை. கடல் ஒலி எங்கள் அறைவரை கேட்கும் என்பது பதினேழாவது நாளில்தான் தெரிந்தது.

எங்கள் வேலைக்குக் கெடு அந்தத் திங்கட்கிழமை. கெடுவை விதித்தவர்களுக்கு நியெபி தெரியாது. தெரிவித்திருந்தால் ஒருநாள் தள்ளிக்கூடப் போட்டிருப்பார்கள், ஆனால் பாலியில் இருக்கிறோம் என்பதையே நாங்கள் சொல்லியிருக்கவில்லை. வளாகத்தில் கம்பிவழி இணைப்பு இருந்தது. முந்தைய நாள் மாலை பாக் வந்து, நாளை வெளியே வரவேண்டாம், உணவை அறைக்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறோம் என்றார். நாங்கள் தயங்கித் தயங்கி வேலையைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, 'வைஃபையை நான் அணைக்க மாட்டேன், நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள். விளக்கின் வெளிச்சம் மட்டும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெச்சலாங் வந்தால் அபராதம் எனக்குத்தான்' என்றார்.

சன்னலுக்குப் போர்வையைக் கட்டி, திரையின் ஒளியைக் குறைத்து, இரவு பத்து மணிவரை வேலை பார்த்தோம். வேலையே விலக்கப்பட்ட நாளில், விளக்கெரியாத ஊரில், வேறொரு ஊரின் திங்கட்கிழமையை நாங்கள் இருவரும் போர்வைக்குள் வைத்து நடத்திக்கொண்டிருந்தோம். மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது, நினைவிருக்கிறது, அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் என்ன செய்வது என்ற அத்தியாயம். எவருக்கும் உயிர்போகிற அவசரமில்லை. முடித்து அனுப்பிய பிறகு முற்றத்துக்கு வந்து பார்த்தோம். தீவு முழுவதும் இருட்டு, விண்மீன்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று எண்ணியதில்லை. எதிர்த்திண்ணையில் பாக் தம் பேரக்குழந்தையோடு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் ங்கெம்பாக் கெனி. அணைத்த அடுப்பை மீண்டும் மூட்டுகிற நாள். உறவினரும் அண்டைவீட்டாரும் ஒருவரையொருவர் தேடிச்சென்று, கடந்த ஆண்டின் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். காலையில் குளித்து, தலைப்பாகை கட்டி, மனைவியுடன் எங்கள் அறை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தட்டில் அரிசிப் பலகாரம். இரண்டு கைகளையும் நெஞ்சருகே குவித்து, ஏதாவது குறை வைத்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றார். பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, நேற்று இரவு இணைப்பு மெதுவாக இருந்ததா, வேலை முடிந்ததா என்று கேட்டார்.